பிரேக் பிடித்தால் உதறும் கார்: டிஸ்க் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் நம் பகுதிக் கராஜ்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்க் (சில்லோடு சுழலும் பிரேக் தட்டு) நெளிந்துவிட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும். மாற்றியதும் உதறல் நின்றுவிடும். சில மாதங்களில் அதே உதறல் அதே வேகத்தில் திரும்பி வரும். சாமான் தரமில்லை என்று அப்போது கடைக்காரர் மேல் பழி விழும். பல நேரங்களில் கடைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்கைக் கெடுத்த ஒன்று அதே சில்லுக்குள் இருந்துகொண்டு புது டிஸ்கையும் கெடுத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் டிஸ்க் வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்ததையே எல்லோரும் ஓட்டினோம். இன்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஓடும் அல்ட்டோ, வகன் ஆர், விட்ஸ், அக்வா, ஃபிட் பலவற்றுக்கு வயதாகிவிட்டது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் எழுவான்கரையில் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து ஹப்பிலும் (சில்லும் டிஸ்கும் பூட்டப்படும் நடுப்பகுதி) கலிப்பரிலும் (டிஸ்கை இருபுறமும் பிடிக்கும் பேட் கட்டைகளை அழுத்தும் கவ்வி) பூசுகிறது. மாரியில் வெள்ளம் ஏறிய வீதிகளில் சில்லு பாதி மூழ்க ஓட்டுகிறோம். இந்த ஊரில் பிரேக் உதறினால் முதல் சந்தேகம் துருவின் மேல் விழ வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

டிஸ்க் அப்பளம் போல நெளிந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வார்ப்பிரும்பு அப்படி நெளிவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது தடிப்பு மாறுவதுதான். டிஸ்கைச் சுற்றி வரும்போது ஓரிடம் சற்றே தடித்தும் இன்னோரிடம் சற்றே மெலிந்தும் போய்விடுகிறது. அந்த வேறுபாடு 0.015 மில்லிமீற்றர் அளவுக்கு வந்தாலே பல கார்களில் கைக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து அதைப் பிடிக்க முடியாது.

தடித்த இடம் பேட்டுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம், பேட்டை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளல் பிரேக் எண்ணெய் வழியாக 'மிதி' என்னும் பிரேக் பெடலுக்கும், சில்லு வழியாக ஸ்டியரிங்குக்கும் போகிறது. விட்ஸ் அளவு டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.84 மீற்றர் உருளும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது விநாடிக்கு ஒன்பது சுற்று. ஆகவே டிஸ்கால் வரும் உதறல் வேகம் கூடினால் விரைவாகும், வேகம் குறையக் குறைய நிதானமாகும், கார் நிற்கும் தறுவாயில் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிவிடலாம். வேகத்தோடு இப்படிச் சேர்ந்து மாறாத நடுக்கம் என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

தடிப்பு எப்படி மாறுகிறது? இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று, டிஸ்க் ஹப்பில் நேராக உட்காராமல் சற்றுச் சாய்ந்து சுழல்வது. அப்போது பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஓரிடம் மட்டும் பேட்டில் உரசிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உரசி உரசி அந்த இடம் தேயும். புது டிஸ்க் போட்ட அன்று எல்லாம் நன்றாக இருந்து, மாதங்கள் கழித்து உதறல் வருவதன் காரணம் இதுதான். மற்றது, கடும் சூட்டில் பேட்டின் பொருள் டிஸ்கில் திட்டாக ஒட்டிக்கொள்வது. ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிட அதிகம் சூடாகும். சூடு 650 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்த இடத்தில் இரும்பின் அமைப்பே மாறிக் கடினமான திட்டாகிவிடும். அதன் பிறகு லேத் (கடைசல்) இயந்திரத்தில் மேலாகக் கடைந்தாலும் திட்டு அடியில் தங்கும்.

முதலில் வீதியில்

கார் கழற்றப்படும் முன் நீங்களே ஓட்டிப் பாருங்கள். செங்கலடியிலிருந்து கரடியனாறு பக்கம் போகும் பதுளை வீதி போல, நீண்ட, ஆளரவம் குறைந்த, காய்ந்த வீதி வேண்டும். மாலையானால் மாடுகள் வீதிக்கு வந்துவிடும், ஆகவே காலையில் போங்கள். பின்னால் வாகனம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு 70 கிலோமீற்றரில் பிரேக் தொடாமல் சற்று ஓட்டுங்கள். பிறகு ஸ்டியரிங்கை விரல்களால் இலேசாகப் பிடித்தபடி, மெதுவாக மிதித்து 30 வரை இறக்குங்கள். நடுக்கம் எப்போது வருகிறது, கையிலா, இருக்கையிலா, காலிலா என்று கவனியுங்கள். பக்கத்தில் ஒருவரை இருத்திக் குறிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. கராஜில் "உதறுகிறது" என்று மட்டும் சொல்வதைவிட, "70-இல் தொடங்கி 45-இல் நின்றுவிடுகிறது, கையில் மட்டும்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மிதி மெத்தென்று உள்ளே போனாலோ, பிரேக் எண்ணெய் மட்டம் இறங்கியிருந்தாலோ, டிஸ்கின் விளிம்பு வரை வெடிப்பு ஓடியிருந்தாலோ ஓட்டிப் பார்க்கும் பேச்சே வேண்டாம். கார் அங்கேயே நிற்கட்டும்.

பிரேக் மிதிக்காமலே உதறுகிறது

டிஸ்கை விடுங்கள். சில்லுச் சமன், டயர், பெயரிங் ஆகிய மூன்றில் ஒன்றுதான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கிறவல் வீதிகளிலும் வயல் வரம்போர வழிகளிலும் போய்வந்த காராக இருந்தால் றிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே அப்பிக் காய்ந்த களிமண் மட்டுமே போதும், ஸ்டியரிங் ஆடும். தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

காலையில் மட்டும், முதல் சில பிரேக்குகளில்

இரவு மழை பெய்தது, கார் வெளியே நின்றது, காலையில் கரகரவென்று ஓர் ஓசையோடு பிரேக் பிடிக்கிறது. டிஸ்கின் முகத்தில் படிந்த மேல்துரு அது. சில தடவை மிதித்ததும் போய்விட வேண்டும். போய்விட்டால் அது கோளாறே அல்ல.

கார் கிழமைக்கணக்கில் நின்றிருந்தால் கதை வேறு. பேட் ஈரத்தோடு டிஸ்கில் ஒட்டிக்கொண்டு நின்ற இடத்தில் பேட்டின் அச்சு அப்படியே துருவாகப் பதிந்திருக்கும். சில்லின் இடைவெளி வழியே பார்த்தாலே தெரியும்: பளபளக்கும் வட்டத்தில் பேட் அகலத்துக்கு ஒரு கருந்திட்டு. கொஞ்சம் அழுத்தமான பிரேக்குகளோடு ஓட்டினால் புதிய அச்சு தேய்ந்து போகும். பள்ளம் விழுந்துவிட்டால் போகாது. வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்கள் வீட்டு முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்பது இங்கே வழக்கம். வீட்டில் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு முறையாவது அதை ஓட்டி, காய்ந்த பிரேக்கோடு நிறுத்துவது பெரிய செலவைத் தவிர்க்கும். ஹைபிரிட் கார்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அவற்றில் மெதுவான பிரேக்கை மோட்டாரே பிடித்துக்கொள்வதால் டிஸ்க் வேலை செய்யும் நேரம் குறைவு, துருவுக்குக் கிடைக்கும் நேரம் அதிகம்.

மிதி படபடவென்று அடிக்கிறது, ஓசையும் வருகிறது

திடீரென அழுத்தி மிதித்தபோது, மணல் அள்ளிக் கிடக்கும் கடற்கரை வீதியிலோ ஈர வீதியிலோ இது வந்ததா? அது ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன் வேலையைச் செய்கிறது. காலை எடுக்காதீர்கள், அழுத்தியே பிடியுங்கள். மெதுவாக மிதித்தாலும் காய்ந்த தார் வீதியில் வருகிறது என்றால்தான் டிஸ்க் பக்கம் போக வேண்டும்.

இருக்கையிலும் தரையிலும் நடுக்கம், கை அமைதியாக இருக்கிறது

பின்சில்லு. நம் சிறு கார்கள் பலவற்றில் பின்னால் டிஸ்க் இல்லை, டிரம்தான். டிரம்மும் வட்டம் குலையும். உறுதிப்படுத்த ஒரு வழி: ஆளில்லாத வீதியில் 30 கிலோமீற்றரில் போகும்போது கைப்பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கைப்பிரேக்கை மெதுவாக மேலே இழுங்கள். பொத்தானை விடாதீர்கள், விட்டால் பின்சில்லு பூட்டிவிடக்கூடும். அதே நடுக்கம் வந்தால் கோளாறு பின்னால். பொத்தான் விசையால் இயங்கும் மின் கைப்பிரேக் உள்ள கார்களிலும், கால் மிதியால் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ளவற்றிலும் இதைச் செய்ய வேண்டாம்.

ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சில்லு மட்டும் சூடு

நம் பகுதியில் டிஸ்கைக் கொல்லும் பெரிய எதிரி இது. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சற்றுத் தூரம் ஓட்டி, கூடியவரை பிரேக் பிடிக்காமல் காரை உருண்டு நிற்கவிடுங்கள். இறங்கி ஒவ்வொரு சில்லின் நடுவருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பேட் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எரிந்த வாடையும் வரலாம். அந்த உரசல் டிஸ்கை ஓயாமல் சூடேற்றுகிறது, அந்தச் சூட்டில்தான் திட்டு பிடிக்கிறது.

பெரும்பாலான சிறு கார்களின் முன்பிரேக்கில் ஒரு பக்கம்தான் பிஸ்டன் இருக்கும். மறுபக்கப் பேட்டை இழுத்து அழுத்துவது கலிப்பரின் நகர்வு. கலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் வழுக்க வேண்டும். அந்த ஊசிகளின் ரப்பர் உறை கிழிந்தால் வெள்ளநீர் உள்ளே போகும், கிறீஸ் கரையும், ஊசி துருப்பிடித்து இறுகும். சோதிப்பது எளிது: சில்லைக் கழற்றி, கலிப்பர் ஊசியின் போல்ட்டை எடுத்து ஊசியைக் கையால் இழுத்துப் பாருங்கள். நல்ல ஊசி விரல் அழுத்தத்திலேயே உள்ளே போய் வெளியே வரும். கெட்டது சுத்தியல் கேட்கும். வெளியே எடுத்தால் பழுப்புப் பொடியும் காய்ந்த கறுப்புப் பசையுமாக இருக்கும். உட்பேட் கரைந்து வெளிப்பேட் தடிப்பாக இருந்தால், அல்லது ஒரே பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால், ஊசியைப் பார்க்கும் முன்பே விடை தெரிந்துவிடும்.

ஊசியைத் துடைத்து, துரு குழி விழாமல் இருந்தால், பிரேக்குக்கென்றே விற்கும் கிறீஸ் பூசி, புது உறை போடுங்கள். சாதாரண பெயரிங் கிறீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதவைக்கும். குழி விழுந்த ஊசியை மாற்றுங்கள். டிஸ்க் விலையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு. இதைச் செய்யாமல் டிஸ்கை மாற்றிய காரைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுதான்.

ஊசி நன்றாக இருந்தும் பேட் விடவில்லை என்றால் பிஸ்டனைச் சந்தேகியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ள முடியாவிட்டால், எண்ணெய் விடும் நிப்பிளைச் சற்றுத் திறந்து பாருங்கள். அப்போது எளிதாகப் போனால் ரப்பர் ஹோஸ் உட்புறம் அடைத்திருக்கிறது. அப்போதும் போகாவிட்டால் பிஸ்டனே இறுகிவிட்டது. நிப்பிளைத் திறந்தால் பிறகு பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களில் பிரேக் அமைப்பு தானாகவே அழுத்தம் ஏற்றக்கூடியது, கதவு திறந்தாலே இயங்கலாம். அவற்றின் கலிப்பரில் கை வைப்பவர் அந்த அமைப்பை அறிந்தவராக இருக்க வேண்டும்.

கண்டியிலிருந்து இறங்கி வந்த பின் தொடங்கியது

கண்டி – மகியங்கனை வீதியின் 18 வளைவுகளை மிதியில் கால் வைத்தபடியே இறங்கி, கீழே கடையில் தேநீர் குடிக்க நிறுத்தி, பிரேக்கை அழுத்தியபடி நின்றால் திட்டு பிடிக்க வேறெதுவும் வேண்டாம். கொதிக்கும் டிஸ்கில் ஒரே இடத்தில் பேட் இறுகி நிற்கிறது. இறங்கும்போது இரண்டாம் கியரில் விடுங்கள். தானியங்கிக் கார்களில் எல் அல்லது எஸ், பிரியஸ், அக்வா என்றால் பி (B). பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுங்கள், ஓயாமல் மிதிக்காதீர்கள். அடிவாரம் வந்ததும் நிறுத்தாமல் சமதரையில் சில கிலோமீற்றர் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு சில்லுக்குத் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம்.

இறங்கும்போது மிதி தளர்ந்து போனால் அது உதறலைவிட ஆபத்து: எண்ணெய் கொதித்துவிட்டது. டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை தாங்கும், ஈரம் உறிஞ்சிய பின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றுங்கள்.

டயர் மாற்றிய பிறகு தொடங்கியது

சில்லு நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒவ்வொன்றாக அடித்து இறுக்கினால் அழுத்தம் ஒரு பக்கம் கூடி டிஸ்க் ஹப்பில் சாய்ந்து உட்காரும். நட்டுகளைத் தளர்த்தி, ஒன்றுக்கு எதிரே மற்றொன்று என்ற வரிசையில், அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். டொயோட்டா சிறு கார்கள் பலவற்றுக்கு 103, ஹொண்டாவுக்கு 108, சுசுக்கி சிறு கார்களுக்கு 85 நியூட்டன் மீற்றர். உங்கள் காரின் கைந்நூலில் சரியான அளவு இருக்கும். அண்மையில் தொடங்கிய உதறல் இதிலேயே நின்றுவிடுவதுண்டு.

கழற்றிப் பார்க்கும்போது

காரை ஜக்கில் மட்டும் நம்பி விடாதீர்கள், தாங்கி வையுங்கள். முதலில் சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பெயரிங்கில் தளர்வு இல்லையென்று பாருங்கள். தளர்ந்த பெயரிங்கோடு எடுக்கும் எந்த அளவும் பொய்.

டிஸ்க் ஹப்போடு இறுகியிருந்தால் சுத்தியலால் முகத்தில் அடிக்க வேண்டாம். பல டிஸ்குகளின் நடுவில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுகளை மாறி மாறித் திருக, டிஸ்க் தானாகப் பெயர்ந்து வரும். ஹொண்டாக்களில் அதற்கு முன் இரண்டு திருகாணிகளை எடுக்க வேண்டும்.

இப்போது டிஸ்கின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கல்லடியில் கடலை ஒட்டிய வீடொன்றில் நிற்கும் காரில் நான் கண்டது: ஹப் தொட்ட வளையத்தில் ஒரு பாதி உலோக வெள்ளையாக மின்னியது, மறு பாதி பழுப்பு. ஹப்பின் முகத்தில் சில்லு போல்ட்டுகளைச் சுற்றித் துரு அடுக்கடுக்காகப் பொருமியிருந்தது. பழைய உளியால் சுரண்டியபோது நகம் போன்ற துண்டுகளாக உதிர்ந்தது. டிஸ்க் அந்தப் பொருமலின் மேல் சாய்ந்துதான் சுழன்றிருக்கிறது. டிஸ்கின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முள் சுரண்டுவதற்கு முன் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டி ஆடியது. கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து மாட்டிய பின் அதே டிஸ்க் 0.04-க்குள் அடங்கியது.

அளக்கும் முறை இது: டிஸ்கைச் சில்லு நட்டுகளால் சமமாக இறுக்குங்கள், தேவையானால் வாஷர் போடுங்கள். டயல் கேஜை விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே நிறுத்திக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பல கார்களுக்கு 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை, சிலவற்றுக்கு 0.10. கூடுதலாக இருந்தால் டிஸ்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளவுங்கள். ஹப்பின் சாய்வும் டிஸ்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் நிலை பெரும்பாலும் கிடைக்கும். அதன் பிறகு மைக்ரோமீற்றரால் (தடிப்பை நுட்பமாக அளக்கும் கருவி) சுற்றி எட்டு இடங்களில் தடிப்பை அளவுங்கள். சாதாரண வேர்ணியர் இந்த நுட்பத்துக்குப் போதாது.

கடைவதா, மாற்றுவதா

டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பின்னும் அதற்கு மேல் தாராளமாக மிஞ்சினால் கடையலாம். மெலிந்த டிஸ்க் விரைவில் சூடாகும், ஆகவே எல்லையை ஒட்டிக் கடைவது வீண் வேலை. நீலம் பாரித்த கடினத் திட்டுகள் இருந்தால் கடையாமல் மாற்றுங்கள். பாவித்த டிஸ்க் வாங்குவதாக இருந்தால் மைக்ரோமீற்றர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். எதைச் செய்தாலும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

கல்முனையில் லேத் வைத்திருக்கும் காக்கா ஒருவரிடம் டிஸ்கைக் கொடுத்தபோது அவர் அதைக் கையில் வாங்கும் முன்பே கேட்டார்: "தம்பி, ஹப்பைச் சுரண்டிப் பார்த்தீர்களா? அது சாய்ந்திருந்தால் நான் எவ்வளவு நேராகக் கடைந்து தந்தாலும் சாய்ந்துதான் ஓடும்." லேத்தில் டிஸ்க் சுழல்வது லேத்தின் மையத்தில், காரில் சுழல்வது ஹப்பின் முகத்தில். இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லி, வந்த வேலையையே தள்ளிப்போடத் துணிந்த அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மாட்டிய பின்

புது டிஸ்கின் மேல் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். கடைந்த டிஸ்க் என்றால் சவர்க்கார நீரில் கழுவித் துடையுங்கள், இரும்புப் பொடி மிஞ்சக்கூடாது. பேட் புதிதாகவே இருக்கட்டும். பழைய பேட் பழைய டிஸ்கின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்தது, அது புது முகத்தில் முழுதாகப் படியாது. காரை எடுக்கும் முன் மிதியைப் பல தடவை அழுத்தி அது கெட்டியாகும் வரை பாருங்கள். இதை மறந்து முதல் சந்தியில் மிதி தரைக்குப் போனால் காப்பாற்ற ஒன்றுமில்லை.

பிறகு அதே ஆளரவமற்ற வீதிக்குப் போய், 60-இலிருந்து 20 வரை மிதமாக இறக்கி மீண்டும் வேகம் எடுங்கள். பத்துத் தடவை போல, இடையில் முழுதாக நிறுத்தாமல். இலேசாக வாடை வந்தால் பயம் வேண்டாம். முடிந்ததும் பிரேக் தொடாமல் சில கிலோமீற்றர் ஓட்டி ஆறவிட்டு, வீட்டில் கைப்பிரேக் இழுக்காமல் கியரிலோ பார்க் (P) நிலையிலோ நிறுத்திச் சில்லுக்கு முட்டு வையுங்கள். ஒரு கிழமை ஓடிய பின் சில்லு நட்டுகளை அளவு ஸ்பானரால் மறுபடி பாருங்கள். ஹப்பில் மிஞ்சிய துரு நசுங்கியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கும். அப்படித் தளர்ந்திருந்தால் டிஸ்கை எடுத்து ஹப்பை இன்னொரு முறை சுரண்டுங்கள்.